மௌலா அலி: ஒரு மலைப்பெயரின் வேர்

ஹைதராபாத்தில், போலாரத்துக்குத் தென்கிழக்கே, மொட்டைக் கருங்கல் குன்று ஒன்று நிற்கிறது. பெருங்கற்காலத்து மக்கள் தம் இறந்தோரைப் புதைத்த வட்டாரம் அது. அவர்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும், இன்று அது மௌலா அலி. தெலுங்கு ஓர் அகரத்தை விழுங்கி ‘மௌலாலி’ என்கிறது. தமிழ்ப் புணர்ச்சி விதிப்படி என்றால் வகர உடம்படுமெய் பெற்று ‘மௌலாவலி’ ஆகும்.

‘மௌலா’ அரபுச் சொல். வ-ல-ய என்ற மூன்று மெய்கள் அதன் வேர். நெருக்கம் அதன் அடிப்படைப் பொருள். நெருங்கி நின்று காப்பவர் மௌலா, ஆகவே தலைவர். அவர் காவலில் இருப்பவரும், விடுதலை பெற்ற அடிமையும்கூட மௌலாதான். தமிழில் வழங்கும் மௌலவி, மௌலானா, முல்லா எல்லாம் இந்தக் குடும்பமே. இறைவனுக்கு நெருங்கியவர் வலி, பலரானால் அவுலியா. நாம் கேட்கும் ‘மௌலிது’ மட்டும் இதற்கு உறவில்லை. அது பிறப்பைச் சுட்டும் வ-ல-த வேரில் முளைத்தது.

632ஆம் ஆண்டு கதீர் கும் என்ற இடத்தில், தாம் யாருக்கு மௌலாவோ அவருக்குத் தம் மருமகன் அலியும் மௌலா என்று நபிகள் நாயகம் அறிவித்தார். சுன்னிகள் அதற்கு அன்பர் என்றும் ஷியாக்கள் தலைவர் என்றும் பொருள் கொண்டனர். இந்தக் குன்றின் வட்டாரத்தைக் கோல்கொண்டாவிலிருந்து ஆண்ட குதுப் ஷாஹி மன்னர்கள் ஷியாக்கள். 1578இல் அரண்மனைப் பணியாளரான யாகூத் ஒரு கனவு கண்டார் என்கிறது மரபு. குன்றின் மேல் அலி பாறையில் கைவைத்து அமர்ந்திருந்தாராம். விழித்து ஏறிப் பார்த்த யாகூத் அங்கே கைத்தடத்தைக் கண்டார்; மன்னர் இப்ராஹிம் குதுப் ஷா தர்கா எழுப்பினார். ரஜப் மாதம் 17ஆம் நாள் அந்தக் காட்சியை நினைந்து இன்றும் மக்கள் படியேறுகிறார்கள்.

உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் (1768–1824) இந்தத் தர்காவிடம் பெரும் பக்தி கொண்டவர். அடிவாரத்தில் தாய்க்கு எழுப்பிய கல்லறைக்கு அருகிலேயே தாமும் அடக்கமானார்.

ஊர்ப்பெயர் ஆராய்வோர் ‘மௌலா’வைத் ‘தலைவர்’ என்று மட்டும் பெயர்த்தால் பாதிப் பொருள் நழுவிவிடும். இந்தக் குன்றில் கைத்தடத்தைக் கண்டு சொன்னவர் ஓர் ஊழியர், தர்காவைக் கட்டியவர் அரசர், அண்டி வாழ்ந்தவர் கணிகையர் குலத்துக் கவிஞர். காப்பவரையும் காக்கப்படுபவரையும் ஒரே சொல்லால் அழைத்த மொழியின் பெயர் இந்த மலைக்கு முழுமையாகப் பொருந்துகிறது.