பிரிட்டானிகா கம்பெனியார் அச்சுப் புஸ்தகத்தைக் கைவிட்ட வரலாறு

நம் சமூகத்தாரிற் பெரும்பாலோர் வாணிகத்தால் உயர்ந்தவர்கள். பாட்டனார் திறந்த கடையைத் தந்தையார் பெருக்க, தந்தையார் பெருக்கியதை மக்கள் காத்துவரும் குடும்பங்கள் நம் சங்க அங்கத்தினருள் பல உண்டு. அக்குடும்பங்களிலெல்லாம் இன்று ஒரே வினா எழுந்திருப்பதை நாம் கேட்டுவருகிறோம். வாங்குவோர் கடைப்படி ஏறாது, வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகச் சரக்கை வரவழைத்துக்கொள்ளும் இக்காலத்திலே, பரம்பரைத் தொழிலை நடத்துவோர் யாது செய்வது? பிள்ளைகள் ஒன்று சொல்லுகிறார்கள். பெரியோர் வேறொன்று சொல்லுகிறார்கள். முப்பது வருஷம் உடனிருந்து உழைத்த கணக்கப்பிள்ளையோ ஒன்றுஞ் சொல்லாமல் முதலாளியின் முகத்தைப் பார்க்கிறார். இவ்வினாவிற்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டென்று நாம் எண்ணவில்லை. இதே இடரில் அகப்பட்டு, விழுந்து, மீண்டும் எழுந்த ஒரு பழைய கம்பெனியின் சரித்திரத்தை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அது பிரிட்டானிகா என்னும் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட கம்பெனி. நம் நாட்டுக் கல்லூரி நூல்நிலையங்களிற் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த அத்தடித்த தொகுதிகளை நம்மிற் பலர் பார்த்திருப்பர்; திறந்து படித்தவர் சிலரே. ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிலே, காலின் மக்பார்க்வர் என்னும் அச்சுக்காரரும் ஆண்ட்ரூ பெல் என்னும் சித்திரச் செதுக்காளரும் கூட்டுச் சேர்ந்து, 1768-ஆம் வருஷத்தில் அதனைச் சிறு சிறு பகுதிகளாக வெளியிடத் தொடங்கினர். வில்லியம் ஸ்மெல்லி என்னும் இளைஞர் இருநூறு பவுன் சம்பளத்திற்கு அதனைத் தொகுத்துக் கொடுத்தார். 1771-இல் மூன்று தொகுதிகள் நிறைவெய்தின. பின்னர் அது 1901-இல் அமெரிக்கர் கைக்கு மாறிச் சிக்காகோ நகரிலே நிலைபெற்றது. இடையில் நிகழ்ந்தவற்றை விரிப்பிற் பெருகும்.

நாம் கவனிக்க வேண்டியது, அக்கம்பெனி தன் சரக்கை எவ்வாறு விற்றது என்பதையே. அமெரிக்காவிற் பிரிட்டானிகாவைப் புஸ்தகக் கடைக்குச் சென்று வாங்கியவர் அரியர். கம்பெனியின் விற்பனையாளர்கள் வீடு வீடாய்ச் சென்று, கூடத்திலே அமர்ந்து, குழந்தைகளின் படிப்பைப் பற்றித் தாய் தந்தையரிடம் பேசி, தவணை முறையிற் பணங்கட்ட ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். ஒரு தொகுதிவரிசையின் விலை 1,500 டாலர் முதல் 2,200 டாலர் வரையில் இருந்தது. அச்சிட்டுக் கட்டுவதற்குச் செலவு ஏறக்குறைய 250 டாலர்தான். விற்றவருக்குக் கிடைத்த கமிஷனோ 500 டாலருக்கு மேற்பட்டது. ஆகவே அக்கம்பெனியின் உயிர்நாடி ஆசிரியர் குழுவில் இருந்ததா, விற்பனையாளரிடத்தில் இருந்ததா என்று கேட்டால், விற்பனையாளரிடத்திலேயே என்று அக்காலத்து டைரக்டர்கள் தயங்காமற் கூறியிருப்பர். 1990-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் லட்சத்திற்கு மேற்பட்ட வரிசைகள் விற்றன. கம்பெனியின் மொத்த வரவு 65 கோடி டாலரை எட்டியது. விற்பனையாளர் ஏறக்குறைய இரண்டாயிரவர். இருநூற்றிருபது வருஷத்திற்கு மேற்பட்ட அதன் சரித்திரத்தில் அதுவே உச்சி.

அதன்பின் வந்த வீழ்ச்சிக்கு, பழைமையில் ஊறிய பெரியோர் புதுமையை அறியாதிருந்ததே காரணம் என்று பலரும் எழுதிவிட்டனர். அது உண்மையன்று. தன் கலைக்களஞ்சியத்தின் வாசகத்தை 1981-ஆம் வருஷத்திலேயே கம்ப்யூட்டர் வழியாய்ப் படிக்கும்படி அக்கம்பெனி செய்திருந்தது. 1989-இல், தனக்குச் சொந்தமான காம்ப்டன் என்னும் சிறுவர் கலைக்களஞ்சியத்தைப் படமும் ஒலியும் சேர்த்து ஸிடி தட்டிலே வெளியிட்டது. அவ்வகையில் முன்னோடி அதுவே. 1994-இல் பிரிட்டானிகா முழுவதையும் இணையத்தில் ஏற்றியது. வேறெந்தப் பெருங் கலைக்களஞ்சியமும் அதற்கு முன் அங்கே சென்றதில்லை. ஆகவே வழி தெரியாதவர்களல்லர். வழியைக் கண்டும் நடக்க முடியாதவர்கள்.

ஏன் நடக்க முடியவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1980-களில் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் வந்து, கூட்டாக ஒரு மின்னியற் கலைக்களஞ்சியம் வெளியிடலாமென்று கேட்டபொழுது, பிரிட்டானிகா மறுத்துவிட்டது. மைக்ரோஸாப்ட் வேறொரு சாதாரணக் கலைக்களஞ்சியத்தின் வாசகத்தை உரிமை பெற்று, 1993-இல் என்கார்ட்டா என்னும் பெயரால் வெளியிட்டது. அதன் விலை நூறு டாலருக்குக் கீழே இறங்கிற்று. கம்ப்யூட்டர் வாங்குவோர் பலருக்கு இனாமாகவே கிடைத்தது. பிரிட்டானிகாவும் 1994-இல் ஒரு ஸிடி தட்டை வெளியிட்டது. அச்சுப் புஸ்தகம் வாங்குவோருக்கு அது இனாம். தட்டு மட்டும் வேண்டுவோருக்கு ஏறக்குறைய 1,200 டாலர்! செய்வதற்கு ஒன்றிரண்டு டாலரே பிடிக்கும் தட்டிற்கு இவ்விலை வைத்தவர் பைத்தியக்காரரல்லர். தட்டை மலிவாக விற்றால் விற்பனையாளருக்கு ஐந்நூறு டாலர் கமிஷன் எங்கிருந்து வரும்? கமிஷன் இன்றேல் அவர்கள் ஏன் படியேறுவர்? அவர்கள் படியேறாவிட்டால் நாளைய வரவு என்னாகும்? இவ்வண்ணம் ஒன்றோடொன்று பிணைந்து, கம்பெனியைத் தூக்கி நிறுத்திய தூண்களே அது நகராதபடி கட்டிய தளைகளும் ஆயின.

விற்பனையாளர்மேற் குற்றங்கூற நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கற்பிக்கப்பட்டதைச் செய்தவர்கள். தாய் தந்தையர் புஸ்தகம் வாங்கியது, தம் பிள்ளைக்கு ஏதேனும் செய்யவேண்டுமென்னும் கவலையால். அக்கவலை இப்பொழுது கம்ப்யூட்டர் வாங்குவதால் தீர்ந்தது. இம்மாற்றத்தை வீடு வீடாய்ச் சென்றவர்களைக் காட்டிலும் தெளிவாய் யார் கண்டிருக்க முடியும்? முகம் மாறுவதையும் கதவு சாத்துவதையும் முதலிற் கண்டவர் அவர்களே. 1990-இலிருந்து நாலு வருஷத்திற்குள் அமெரிக்க விற்பனை பாதிக்கும் கீழே சென்றது. அந்நாலு வருஷத்தில், “இத்தொழில் இன்னும் இத்தனை காலமே, அதற்குள் உங்களுக்கு வேறு வேலை பழக்குவோம்” என்று அவர்களை அழைத்துச் சொல்லியிருக்கலாம். தலைவர்கள் அவர்களிடத்து வைத்த தாட்சணியமும் அவர்களிடத்துக் கொண்ட அச்சமும் கலந்து, வாயை அடைத்துவிட்டன. 1996-இல் ஸப்ரா என்னும் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேக்கப் ஸப்ரா, மதிப்பிற் குறைந்துபோன அக்கம்பெனியை விலைக்கு வாங்கினார். அவ்வருஷமே அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு விற்கும் பிரிவு அடியோடு கலைக்கப்பட்டது. நாலு வருஷம் பேசாதிருந்ததன் விலையை ஒரே நாளிற் செலுத்தியவர்கள், பேசாதிருந்த தலைவர்களல்லர்.

தளை அறுந்தவுடன் காரியம் கைகூடிற்றென்று எண்ணவேண்டா. அடுத்த பிழை எதிர்த்திசையில் நேர்ந்தது. இணையத்தில் எல்லாம் இனாமென்று உலகம் ஆரவாரித்த நாட்கள் அவை. 1999 அக்டோபரிற் பிரிட்டானிகாவும் தன் களஞ்சியம் முழுவதையும் இனாமாகத் திறந்துவிட்டு, விளம்பர வருவாயால் வாழ முற்பட்டது. வந்த கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் அத்தளமே சில நாள் ஸ்தம்பித்துப் போயிற்று. கூட்டம் வந்தது; பணம் வரவில்லை. 2001-இல் மீண்டும் சந்தா விதித்தனர். அதே வருஷத்தில், எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாமென்ற விக்கிபீடியா பிறந்தது. இனாம் என்னும் பாதையில் அதனோடு ஓடி வெல்லுதல் எவராலும் இயலாது.

2003-இல் தலைமை ஏற்ற ஹோர்ஹே கௌஸ் என்பவர், இக்கம்பெனியிடத்தில் உண்மையில் உள்ள பொருள் எது என்னும் கேள்வியைக் கேட்டதாக நாம் அறிகிறோம். புஸ்தகமன்று, விற்பனைப் படையும் போயிற்று. எஞ்சியது, ஒரு செய்தியை ஆராய்ந்து சரிபார்த்து எழுதும் ஆசிரியர் குழு ஒன்றே. அச்சரக்கு யாருக்கு வேண்டும்? பள்ளிக்கூடங்களுக்கு வேண்டும். ஆகவே பாடத்திட்டத்திற்கு ஒத்த கல்விச் சாதனங்களை இணையத்தின் வழியாய்ப் பள்ளிகளுக்கு விற்கும் கம்பெனியாக அதனை மாற்றினார். 2005-இல் நேச்சர் என்னும் விஞ்ஞானப் பத்திரிகை, 42 கட்டுரைகளை ஒப்பிட்டு விக்கிபீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிகாவில் 123 பிழைகளும் கண்டதாக வெளியிட, கம்பெனியார் கடிந்து மறுப்பு எழுதினர். சரிபார்த்தல் என்னும் ஒன்றையே சரக்காகக் கொண்டவர்களுக்கு அது தாங்கக்கூடியதா? மலிவாய்க் கம்பெனியை நெருக்கிய என்கார்ட்டா 2009-இல் மூடப்பட்டது.

2012 மார்ச்சு மாதத்தில், இனி அச்சிடுவதில்லை என்று பிரிட்டானிகா அறிவித்தது. உலகெங்கும் பத்திரிகைகள் ஒரு பெரியவர் மறைந்தாற்போல் எழுதின. கம்பெனிக்குள் இருந்தவர்களோ அழவில்லை. அவ்வேளையிற் புஸ்தகத்தால் வந்த வரவு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு கல்விச் சாதனங்களாலும், எஞ்சியதிற் பெரும்பகுதி இணையச் சந்தாவாலும் வந்தது. அலுவலகத்திலே வருஷத்திற்கு ஒன்றாக 244 வெள்ளிநிறப் பலூன்களைக் கட்டிக் கொண்டாடினர். நம்மவர் கலியாணச் சாவென்று சொல்வதற்கு இதனினும் பொருத்தமான காட்சி வேறில்லை. பதினாறு வருஷத்திற்கு முன் வேலையிழந்து வீடு சென்றவர்களில் எத்தனைபேர் அச்செய்தியைப் படித்தனரோ!

கடைசிப் பதிப்பாகிய 2010-ஆம் வருஷப் பதிப்பு 32 தொகுதிகள் கொண்டது. விலை 1,395 டாலர். பன்னீராயிரம் வரிசைகள் அச்சிட்டதிற் சுமார் நாலாயிரம் விற்காமற் பண்டகசாலையிற் கிடந்தன. இனிக் கிடையாதென்ற சொல் வெளிவந்ததும், இரண்டு வருஷமாகத் திரும்பியும் பாராத ஜனங்கள் விரைந்து விரைந்து அவற்றை வாங்கிச் சென்றார்கள்.