நரி, பரி, பாஸ்போர்ட்

சைதாப்பேட்டைக்காரர்களிடம் குதிரை என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ரேஸ். அடையாற்றைத் தாண்டினால் கிண்டி, அங்கே 1777 முதல் பந்தயம் நடந்த வரலாறு. கோட்டையிலிருந்து துரைமார்கள் அங்கே போக வேண்டுமென்றால் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726இல் கட்டிக் கொடுத்த மர்மலாங் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். இன்றைக்கு அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம். 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது. 1974இல் தமிழக அரசு பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு நீண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் 'இது சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு' என்று தீர்ப்புச் சொன்னது. 2024இல் குத்தகைப் பிரச்சினையில் அந்த 160 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது.

ஆக, நம் பகுதியில் குதிரையைப் பற்றிய பேச்சு இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பணம், வழக்கு, நிலம் என்றே போய்க்கொண்டிருக்கிறது. குதிரையோடு ஒரு பிள்ளை வளர்வது, பழகுவது, முதல்முறையாக ஒரு பெரிய களத்தில் போய் நிற்பது என்ற கதை நம் காதுக்கு வந்ததே இல்லை. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். பந்தயத்தில் யார் வேகம் என்பதுதான் கேள்வி. குதிரையேற்றப் போட்டி அப்படி அல்ல. அதில் மூன்று வகை உண்டு. டிரெஸாஜ் என்பது 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களத்தில், குறித்த அசைவுகளைக் குறித்த இடத்தில் செய்து காட்டுவது. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். கிட்டத்தட்ட பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜம்பிங் என்பது தடை தாண்டுதல். ஒரு கட்டை விழுந்தால் 4 தண்டனைப் புள்ளி. இந்த இரண்டோடு திறந்தவெளியில் மரம், பள்ளம், நீர் எல்லாம் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரியும் சேர்ந்தால் அது ஈவென்டிங். 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு 'இளம் சவாரியாளர்' என்றே சர்வதேச அளவில் தனிப் பிரிவு இருக்கிறது. இன்னொரு விசேஷம், ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பட்டியலில் நேருக்கு நேர் மோதும் விளையாட்டு இது.

இப்போது பெங்களூருக்குப் போவோம். ஃபவாத் மிர்சா, 1992இல் பிறந்தவர். அப்பா குதிரை வைத்தியர், அதனால் சின்ன வயசிலேயே லாயம்தான் விளையாட்டுத் திடல். அவருடைய முதல் ஆசிய விளையாட்டு 2014, தென்கொரியாவின் இன்ச்சான். வயது 22. வந்த இடம் 10. பத்தாவது இடம் செய்தி ஆவதில்லை, ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது. நான்கு வருஷம் கழித்து 2018 ஜகார்த்தாவில் சென்யோர் மெடிகாட் என்ற குதிரையோடு தனிநபர் வெள்ளி, அணிக்கும் வெள்ளி. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு 1982க்குப் பிறகு கிடைத்த முதல் பதக்கம் அது.

பிறகு 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். இருபது வருஷமாக அந்தக் களத்தில் இந்தியர் யாரும் இல்லை. அவருடைய கணக்கை மட்டும் பாருங்கள், ஈவென்டிங்கில் புள்ளி குறைந்தவர்தான் ஜெயித்தவர். டிரெஸாஜ் முடிவில் 28.00. கிராஸ் கன்ட்ரியில் தாமதத்துக்கு 11.20 சேர்ந்து 39.20. ஜம்பிங்கில் இரண்டு கட்டை விழுந்து 47.20. இறுதிச் சுற்றில் இன்னும் 12.40. மொத்தம் 59.60, இடம் 23. மென்பொருளில் பிழைப்பதிவைப் படிக்கிற மாதிரி இந்த எண்களைப் படித்தால், எங்கே என்ன நடந்தது என்று தெளிவாகத் தெரிகிறது. முதல் ஒலிம்பிக்ஸில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்ததே பெரிய விஷயம்.

சரி, 1982இல் என்ன நடந்தது? டெல்லி ஆசியாடில் ஷாஜாதா என்ற குதிரையில் ரகுபீர் சிங் தனிநபர் ஈவென்டிங் தங்கம் வென்றார். அணிக்கும் தங்கம். அவர் 61ஆவது குதிரைப்படையில் தஃபாதார், அதாவது ஹவில்தாருக்குச் சமமான பதவி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் டிரெஸாஜ் தங்கம் வென்ற சுவீடன் அணியிடமிருந்து பதக்கத்தைப் பிடுங்கினார்கள். காரணம், அதில் இருந்த யேனல் பெர்சன் அதிகாரி இல்லை, வெறும் சார்ஜென்ட்! அப்போது அதிகாரிகளும் கனவான்களும் மட்டுமே குதிரையேறலாம் என்று விதி. 1952இல் விதி மாறியது, அதே பெர்சன் மறுபடி வந்து தங்கம் வாங்கினார். அதே வருஷம்தான் டிரெஸாஜில் பெண்களும் அனுமதிக்கப்பட்டார்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே உணர்விழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார். யார் குதிரையேறலாம் என்ற கேள்வி இந்த விளையாட்டின் கூடவே பிறந்தது.

அந்தக் கேள்வி இன்று வேறு உருவத்தில் நிற்கிறது. 1982இல் போட்டி நம் ஊரில், குதிரையும் நம் ஊரில். வெளிநாட்டில் என்றால்தான் சிக்கல். குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, நோய்த்தடுப்புக் காவலும் உண்டு. இந்தியாவில் சில குதிரை நோய்கள் இருப்பதால் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் குதிரையைக் கொண்டு போவது பல காலமாக முடியாத காரியம். இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1956இல் ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்பு விதி காரணமாக மெல்போர்ன் ஒலிம்பிக்ஸின் குதிரையேற்றத்தை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள்.

விளைவு? குதிரை போக முடியாததால் பிள்ளைகள் போகிறார்கள். ஃபவாத் ஜெர்மனியில் பயிற்சி எடுத்தார், அவருடைய குதிரையை எம்பஸி குழுமம் வாங்கிக் கொடுத்தது. கொல்கத்தாவின் அனுஷ் அகர்வாலா 17 வயதில் ஜெர்மனிக்குப் போனார். 2023 ஹாங்சோவில் அனுஷ், சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா நால்வரும் 209.205 புள்ளியோடு டிரெஸாஜ் அணித் தங்கம் வென்றார்கள். 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த குதிரையேற்றத் தங்கம். சுதீப்திக்கு அப்போது 21 வயதுதான். 1982இல் ராணுவ வீரர்கள், 2023இல் ஐரோப்பாவில் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்க முடிந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

நம் வரலாற்றில் இது அப்படியே தலைகீழ். பட்டினப்பாலையில் புகாருக்குக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குகின்றன. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரைக்குப் போன மாணிக்கவாசகர் அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்ததால்தான் நரி பரியான திருவிளையாடல். மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள், சரியாகப் பராமரிக்கத் தெரியவில்லை, அதனால் வருஷா வருஷம் புதிது வாங்குகிறார்கள் என்று எழுதி வைத்தார். ஆயிரக்கணக்கான வருஷமாகக் குதிரை கடல் தாண்டி நம்மிடம் வந்தது. இப்போது நாம் கடல் தாண்டிக் குதிரையிடம் போகிறோம். இரண்டுக்கும் அடியில் இருக்கிற குறை ஒன்றேதான்: குதிரையை இங்கேயே நோயின்றி வளர்க்கும் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 2025இல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தின் நோயற்ற குதிரை வளாகத்துக்கு உலக விலங்கு நல அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. இந்தியக் குதிரை வெளிநாட்டுக் களத்துக்குப் போக இது முதல் கதவு. தெற்கிலும் இப்படி ஒன்று வந்தால்தான் மெரினாவில் ரோந்து போகும் போலீஸ் குதிரையை அண்ணாந்து பார்க்கிற நம் பகுதிப் பிள்ளைக்கு, ஜெர்மனிக்கு டிக்கெட் எடுக்காமலே ஒரு பத்தாவது இடமாவது சாத்தியம். பத்தாவது இடம் எங்கே கொண்டு போகும் என்பதை ஃபவாத் காட்டிவிட்டார்.