குப்புசாமி என்ற பெயர் வந்த கதை

ஊர் பேர் தெரியாத யாரையாவது குறிப்பிட வேண்டுமென்றால் "குப்பன் சுப்பன்" என்று சொல்வது வழக்கம். சுப்பன் சரி, சுப்பிரமணியன், முருகன் பெயர். ஆனால் குப்பன் யார்? எந்தக் கோயிலில் இருக்கும் சாமி?

சுற்றி வளைக்காமல் சொன்னால், குப்பன் என்றால் குப்பைதான். குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி, குப்புராஜ் எல்லோருக்கும் பூர்வீகம் அதே குப்பைமேடுதான்.

இந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போகிறவன் பாடு பெரும்பாடு. முதல் வாரத்திலேயே "குப்பைத்தொட்டி" என்ற பட்டப்பெயர் வந்துவிடும். கார்ப்பரேஷன் லாரி தெருவில் போனால் "டேய், உன் வண்டி வந்திருக்குடா" என்று ஒருவன் கத்துவான். பிச்சைமுத்து வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சிலிருந்து "சில்லறை இல்லப்பா" என்று குரல் வரும். மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்துக்கொண்டவருக்குப் பட்டப்பெயரே தேவையில்லை, சொந்தப் பெயரே போதும்! தமிழ் சினிமா காமெடியும் தன் பங்குக்கு இந்தப் பெயர்களை வைத்து நிறையவே சம்பாதித்திருக்கிறது. 1994-ல் வந்த 'அமைதிப்படை'யில் அமாவாசை என்கிற ஆள் அரசியலில் மேலே வந்ததும் முதல் வேலையாக நாகராஜ சோழன் ஆகிவிடுவார். பழைய பெயரைச் சுமந்துகொண்டு மேலே போக முடியாது என்பது அந்தக் கதாபாத்திரத்துக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

சிரிப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த அசிங்கமான பெயர்களில் பெரும்பாலானவை, பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று தவித்த பெற்றோர் யோசித்து வைத்தவை.

ஒரு வீட்டில் முதல் குழந்தை பிறந்து இறந்துவிடுகிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிறந்தவுடன் வீட்டார் என்ன செய்வார்கள் தெரியுமா? குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். சில ஊர்களில் குப்பையில் லேசாகப் புரட்டி எடுப்பதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரியோ மருத்துவச்சியோ "யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை" என்று சொல்லித் தூக்கிக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் போய்க் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையையே விலைக்கு வாங்கிக்கொண்டு வருவாள். ஊருக்கு ஊர் சடங்கு கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான். எமன் வந்து பார்த்தால் ஆசை ஆசையாகப் பெற்ற பிள்ளை அங்கே இருக்காது. குப்பையில் கிடந்த, தவிட்டுக்கு வாங்கிய, ஒன்றுக்கும் உதவாத ஏதோ ஒன்று இருக்கும். எமன் ஏமாந்து திரும்பிப் போய்விடுவான் என்று நம்பிக்கை.

அந்தத் தவிட்டைச் சும்மா நினைக்கக் கூடாது. மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று வணிகச் சட்டப் பாடத்தில் படிக்கிறோம் இல்லையா? 1872-ல் வெள்ளைக்காரன் ஒப்பந்தச் சட்டம் கொண்டுவந்தான். அதைப் படித்திராத கிராமத்துக் கிழவிக்கும் அந்த விதி தெரிந்திருக்கிறது. சும்மா வாங்கினால் அது விற்பனை ஆகாது, பிள்ளை பழைய தாயின் பிள்ளையாகவே இருக்கும், எமன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஏதாவது ஒரு பொருள் கட்டாயம் கை மாற வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று சொல்லி அழவைப்பார்களே, அந்தக் கேலிக்குப் பின்னால் இப்படி நிஜமாகவே தவிடு கைமாறிய காலம் ஒன்று இருந்தது.

தமிழில் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தெலுங்கில் பெண்ட்டய்யா, பெண்ட்டம்மா உண்டு. பெண்ட்ட என்றால் அங்கே குப்பைமேடு. வட ஆந்திரத்தில் தவிட்டய்யா, தவிட்டம்மா இருக்கிறார்கள், விளக்கமே தேவையில்லை. வங்காளத்தில் தவிட்டுக்குப் பதில் சோழி. தீன்கொடி, பாஞ்ச்கொடி என்றால் மூன்று சோழிக்கும் ஐந்து சோழிக்கும் வாங்கப்பட்டவர்கள்.

அதே வங்காளத்தில் மிதுனாப்பூர் பக்கம் 1889-ல் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் இறந்திருந்தன. அதனால் அவனுடைய அக்கா மூன்று பிடி நொய்யரிசி கொடுத்துத் தம்பியை அம்மாவிடமிருந்து வாங்கினாள். வங்காளியில் நொய்க்குப் பெயர் 'குத்'. பையனுக்குப் பெயர் குதிராம். ஆம், சுதந்திரப் போராட்ட வரலாற்றில் வரும் குதிராம் போஸ்தான். 1908 ஏப்ரல் 30 அன்று முசாஃபர்பூரில் கிங்ஸ்ஃபோர்டு என்ற நீதிபதியைக் குறிவைத்து வீசிய குண்டில், அவர் வண்டி என்று நினைத்த வேறொரு வண்டியில் வந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குதிராம் தூக்கிலிடப்பட்டபோது வயது பதினெட்டு. எமனிடமிருந்து அக்கா நொய் கொடுத்து மீட்ட பிள்ளை அது.

மீண்டும் நம் பக்கம் வருவோம். பிச்சை என்பதும் இதே கதைதான். தாய் நாலு வீட்டில் மடியேந்தி அரிசி வாங்கி வந்து சோறாக்கிப் பிள்ளைக்கு ஊட்டுவாள். பிள்ளை ஊருக்குச் சொந்தமாகிவிடும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூவரிடமும் பிச்சை உண்டு. கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு 2015-ல் சுந்தர் பிச்சை வந்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் சில்லறை தேடுவதில்லை. மூக்கன், மூக்கையா, மூக்காயி என்பவர்கள் மூக்கு குத்தப்பட்ட பிள்ளைகள். உடம்பில் ஒரு குறை இருந்தால் சாவு சீண்டாது என்று எண்ணம். பாவாடைசாமி கதை வேறு. அங்காளம்மன் கோயில்களில் காவல் நிற்கும் பாவாடைராயன் பெயர் அது. துணிக்கடையை நினைத்துச் சிரிப்பவர்கள் கவனிக்க!

இவ்வளவு பயம் ஏன்? நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒன்றாவது முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போய்விடும். 1971-ல்கூட ஆயிரத்துக்கு 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020 கணக்குப்படி அது 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்ததும் எமனை ஏமாற்றும் அவசியம் குறைந்துவிட்டது, குப்பைமேட்டுக்கு முறம் போவதும் நின்றது. ஆனால் பெயர் உடனே நிற்கவில்லை. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன்தானே பேரன்! குப்பையைக் கண்ணால் பார்த்திராத குப்புசாமிகள் தாத்தா கணக்கில் பெயர் வாங்கிப் பள்ளிக்கு வந்தார்கள். தாத்தாவைக் காப்பாற்றிய பெயர் பேரனைக் கேலிக்கு ஆளாக்கியது. பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகி, ராமையா அன்பழகன் ஆகிய காலத்தில் தமிழ்ப் பெயர் அலை அடித்தது, அதன் பின்னால் 'ஷ்', 'ஸ்' பெயர்கள் வந்தன, குப்பன் குறைந்து போனான்.

எல்லா இழிவான பெயரும் பாசத்தால் வந்தது என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். சூத்திரனுடைய பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் விதி போட்டே வைத்திருக்கிறது. குப்புசாமி என்ற பெயர் சாதி பார்க்காமல் எல்லா வீட்டிலும் இருந்தது உண்மை. சமஸ்கிருத அறிஞர் குப்புசாமி சாஸ்திரி (1880–1943) பெயரில் மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு வால் முளைத்து சாமியும் சாஸ்திரியும் சேர்ந்தது. சேரியில் பிறந்தவரை எழுபது வயதிலும் பண்ணையார் வீட்டுப் பொடியன் "ஏ குப்பா" என்றே கூப்பிட்டான். அங்கே பயம் எமனைப் பற்றியது மட்டும் அல்ல.

ஆக, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அது பாசமா வெறுப்பா என்று சொல்ல முடியுமா? வரலாற்று ஆய்வாளர்களே இதில் திணறியிருக்கிறார்கள். ரோமானியர் ஆண்ட எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளில் கொப்ரெயுஸ், கொப்ரியா போன்ற பெயர்கள் வருகின்றன. கிரேக்கத்தில் கொப்ரோஸ் என்றால் சாணம், எரு. அப்படியே நம் குப்பனும் குப்பாயியும்! இவர்கள் குப்பைமேட்டில் வீசப்பட்டு யாரோ எடுத்து வளர்த்த குழந்தைகளா, அல்லது கண்ணேறு படாமல் இருக்கப் பெற்றோரே வைத்த பெயரா என்று விவாதம் நடந்திருக்கிறது. வீசுவது அங்கே நடந்ததுதான். கி.மு. 1-ஆம் ஆண்டில் ஹிலாரியன் என்பவன் கர்ப்பிணி மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் எறிந்துவிடு என்று அதில் சாதாரணமாக, கடைக்கணக்கு எழுதுவது போல எழுதியிருக்கிறான்.

பெண்ணாக இருந்தால்... இங்கேதான் நம் ஊரின் இன்னொரு வகைப் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. போதும்பொண்ணு. போதுமணி. வேண்டாம். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வைக்கும் பெயர். இப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. வங்காளத்தில் ஆன்னாகாளி, 'இனி வேண்டாம், காளி' என்று அர்த்தம். சீனாவில் ஜாவ்தி, தம்பியை அழைத்து வா என்று அர்த்தம்.

பார்க்கப்போனால் குப்பையும் வேண்டாமும் ஒரே தந்திரம்தான். பெயரைச் சொல்வது குழந்தையிடம், சேதி போவது வேறொருவருக்கு. குப்பை எமனுக்கு, வேண்டாம் சாமிக்கு. ஆனால் குப்புசாமி ஒருநாள் அம்மாவிடம் "ஏன் எனக்கு இந்தப் பெயர்?" என்று கேட்டால் "நீ எனக்கு வேணும்னுதான்டா" என்று அவளால் பதில் சொல்ல முடியும். வேண்டாம் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. டீச்சர் வருகைப் பதிவேட்டில் "வேண்டாம்" என்று கூப்பிட, வகுப்பே சிரிக்க, அவள் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். தினமும்.

இது பழங்கதை இல்லை. திருத்தணி அருகே நாராயணபுரம் கிராமத்தில் வேண்டாம் என்ற பெயரோடு பல பெண்கள் இருப்பது 2019-ல் செய்தியானது. குழந்தை இறப்பு குறைந்ததும் குப்பன் போய்விட்டான், ஆண்பிள்ளை ஆசை குறையாததால் வேண்டாம் போகவில்லை. சேலம் மாவட்டத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. அதே மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் இந்தப் பெயர் நகுஷி. 'வேண்டாதவள்' என்று அர்த்தம். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் அந்தப் பெயருள்ள 285 பெண்களை ஒன்றுகூட்டி, ஒவ்வொருவருக்கும் புதுப் பெயர் போட்ட சான்றிதழ் கொடுத்தது. சிலர் சினிமா நடிகை மாதிரி ஐஸ்வர்யா என்று வைத்துக்கொண்டார்கள், சிலர் சாவித்திரி என்று, சிலர் வைஷாலி என்று.

தமிழ்நாட்டில் பெயர் மாற்ற வேண்டுமானால் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட வேண்டும். அதில் புதுப் பெயரை மட்டும் போட முடியாது. பழைய பெயரையும் அச்சிட்டு, இன்னார் இனிமேல் இன்னார் என்று அழைக்கப்படுவார் என்றுதான் போடுவார்கள்.