கட்டாயமில்லாத சந்தா: கட்டடக் கலைஞர் சங்கங்களின் நூறாண்டுக் கதை

சங்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது. ஒரு மாலைப் பொழுது, ஆளுக்கொரு தேநீர், பத்துப் பேரின் கையெழுத்து போதும். பாரத்தை நிரப்பிப் பதிவு செய்துவிட்டால் பெயரும் முத்திரையும் கிடைத்துவிடும். மூன்றாவது ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போதிய ஆள் சேருமா என்பதுதான் கேள்வி. கோயில் நிர்வாகக் குழு, மணிமன்றம், முன்னாள் மாணவர் சங்கம் என எதில் பொறுப்பு வகித்தவரும் இந்தக் கவலையை அறிவார்.

நன்கு படித்துக் கைநிறையச் சம்பாதிப்பவர்களின் சங்கங்களுக்கு இந்தக் கவலை இருக்காது என்று நினைக்கத் தோன்றும். மலேசிய, சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர்களின் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மலாயாக் கட்டடக் கலைஞர் கழகம் 1920களில் உருவானது. அக்காலத்தில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பெரிய கட்டடங்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். சுவான் அண்ட் மெக்லேரன் போன்ற நிறுவனங்களின் கையில்தான் வேலை இருந்தது. எனவே கழகமும் அவர்களுடையதாகவே இருந்தது. லண்டனிலுள்ள அரச கழகத்தோடு உறவு வைத்துக்கொண்டது, இதழ் நடத்தியது.

1926இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று கட்டடக் கலைஞர் சட்டம் வந்தது. யார் கட்டடக் கலைஞர் என்று பதிந்துகொள்ளலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஒரு வாரியத்திடம் கொடுத்தது. கழகம் வேறு, வாரியம் வேறு என்ற இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. மலேசியாவில் 1967ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் அதன் பிறகு வந்த சட்டங்களும் அதே வழியைத்தான் பின்பற்றின. வாரியத்தில் பதியாமல் கட்டடக் கலைஞர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. கழகத்தில் சேராமலோ ஆயுள் முழுவதும் தொழில் செய்யலாம்.

அப்படியானால் சந்தா கட்ட ஏன் வர வேண்டும்? நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு செயற்குழுவும் இதற்கு விடை தேடியாக வேண்டியிருந்தது. ஒரு வகையில் இது நல்லதே. கட்டாய உறுப்பியம் இருந்திருந்தால் ரசீது எழுதுவதைத் தவிர வேறு வேலை எதுவும் நடந்திருக்காது.

1950களின் இறுதியில் நிலைமை மாறியது. மலாயா விடுதலை பெற்றது; சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. வெளிநாடுகளில் படித்த உள்ளூர் இளைஞர்கள் தாயகம் திரும்பினார்கள். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 1958இல் கட்டடக்கலைப் படிப்பு தொடங்கியது. வெள்ளையர் காலத்துக் கழகம் இந்த இளைஞர்களுக்கு அந்நியமாகப் பட்டது. 1960இல் அவர்கள் மலாயாக் கட்டடக் கலைஞர் சங்கம் என்ற புதிய அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

புதிய சங்கம் உடனே ஓர் இதழைக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘ரூமா’. மலாயில் வீடு என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு தொழில்முறை இதழுக்கு மலாய்ப் பெயர்! அரண்மனையையோ கோபுரத்தையோ நினைவூட்டாமல் வீட்டைப் பெயராக வைத்தவர்களின் மனம் எங்கே இருந்தது என்பது விளங்கும். வெப்ப மண்டலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற கட்டடம் எது, மலாயாவுக்கென்று ஒரு கட்டடக்கலை உண்டா என்பவை அந்தத் தலைமுறையின் வாதங்கள்.

வாதத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த லிம் சோங் கீட், சென் வூன் ஃபீ, வில்லியம் லிம் ஆகிய மூவரும் கூட்டாக ஒரு நிறுவனம் நடத்தினார்கள். ஷெண்டன் வேயில் நிற்கும் சிங்கப்பூர் மாநாட்டு மண்டபம் அவர்கள் போட்டியில் வென்று கட்டியது. 1965இல் திறக்கப்பட்ட அது, 2010இல் தேசிய நினைவுச் சின்னமானது. போட்டி நடத்து, திறமையுள்ளவர் வெல்லட்டும் என்ற வழக்கத்துக்கு நல்ல சான்று அந்த மண்டபம். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாத இளைஞருக்கு அதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை.

1963இல் இந்தச் சங்கம் சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் கழகமாக உருமாறியது. இரண்டே ஆண்டுகளில் நாடும் பிரிந்தது. அந்த மூவரின் கூட்டு நிறுவனமும் 1967இல் கலைந்தது. லிம் சோங் கீட் பின்னாளில் பினாங்கின் கொம்தார் கோபுரத்தை வடிவமைத்தார். சென் வூன் ஃபீ மலேசிய மரபுடைமை அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். கோலாலம்பூரின் பழைய மத்தியச் சந்தை இடிபடாமல் 1986இல் பசார் செனியாகத் திறக்கப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. பிரிந்த இரு நாட்டுக் கழகங்களும் மறுபடி ஒரே மேசையில் அமர ஆசிய அளவில் ஓர் ஏற்பாடு வந்தது. 1967இல் டெல்லியில் கருக்கொண்ட ஆசியக் கட்டடக் கலைஞர் மன்றத்தில் இவ்விரண்டோடு இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஹாங்காங் கழகங்களும் தொடக்கத்தில் இடம்பெற்றன.

இதற்கிடையில் சிங்கப்பூரில் இன்னொன்று நடந்தது. சங்கம் நடத்துபவர்கள் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 1965இல் ‘ஸ்பர்’ என்ற நகர ஆய்வுக் குழு தோன்றியது. வில்லியம் லிம் அதில் இருந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியின் முதல் அணிக் கட்டடக்கலை மாணவர்களுள் ஒருவரான தே கெங் சூனும் இருந்தார். கட்டடக் கலைஞர் அல்லாதாரும் சேர்ந்துகொண்டனர். வீடு, போக்குவரத்து, நிலப் பயன்பாடு என்று நகரத்தைப் பற்றிய எல்லாவற்றையும் அவர்கள் பேசினார்கள்; கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார்கள்.

பாய லேபார் விமான நிலையத்துக்கு இரண்டாவது ஓடுபாதை போடும் திட்டம் அப்போது பரிசீலனையில் இருந்தது. தீவின் நடுவில் இரைச்சல் கூடும், சுற்றிலும் உயரமான கட்டடம் எழுப்ப முடியாமல் போகும், சாங்கிக்குப் போவதே நல்லது என்றது ‘ஸ்பர்’. அந்த யோசனை அப்போது வரவேற்கப்படவில்லை. 1975இல் அரசாங்கமே சாங்கியைத் தேர்ந்தெடுத்தது. 1981இல் அங்கு விமானங்கள் இறங்கின. முடிவுக்குக் காரணங்கள் பல. ஆனால் சம்பளமில்லாமல் மாலை நேரத்தில் கூடிய ஒரு சிறு குழு, சரியான கேள்வியைக் காலத்தில் கேட்டிருந்தது.

தொழிற்கழகம் இருக்கும்போது தனிக் குழு எதற்கு? அரசுத் துறையில் வரைபவரும் தனியாரிடம் வரைபவரும் ஒரே கழகத்தில் உறுப்பினர்கள். எல்லாருக்கும் பொதுவாகப் பேச வேண்டிய கழகம், சொற்களை அளந்தே பேசும். துணிந்து பேச விரும்பியவர்கள் பக்கத்து அறைக்குப் போனார்கள். ‘ஸ்பர்’ பத்தாண்டு வாழ்ந்து 1970களின் நடுவில் முடிந்தது. அளந்து பேசிய கழகம் 2023இல் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடியது. எது சிறந்தது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

கழகம் நீடித்ததற்குக் காரணம் சுவாரசியமில்லாத வேலைகளே என்றும் சொல்லலாம். ஒப்பந்தப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டுபவருக்கும் குத்தகைக்காரருக்கும் தகராறு வராத இடம் உண்டா? மழையால் வேலை நின்றால் கால நீட்டிப்பு உண்டா, வேலை எவ்வளவு முடிந்தால் எவ்வளவு பணம், சாவி வாங்கியபின் சுவர் வெடித்தால் யார் செலவு? தனி ஒருவரால் இதற்கெல்லாம் விதி எழுத முடியாது. மலேசியாவில் பாம் எனப்படும் மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கம் 1969ஆம் ஆண்டுப் படிவத்தைத் திருத்தித் திருத்தி 1998, 2006, 2018 ஆகிய பதிப்புகளை வெளியிட்டது. சிங்கப்பூர்க் கழகம் 1980இல் தன் சொந்தப் படிவத்தைக் கொண்டுவந்தது. உறுப்பினர் அல்லாதவரும் அந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடுகிறார். சந்தா கட்டாத ஆயிரம் பேருக்கும் சேர்த்துக் கழகம் உழைத்த இடம் அது.

தொடர்கல்விப் புள்ளிகள் இன்னொரு கயிறு. தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கப் புள்ளி வேண்டும். புள்ளிக்கு விரிவுரை கேட்க வேண்டும். அரங்கு நிறைகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்பவரை உறுப்பினர் என்று எப்படிச் சொல்வது? பாமுக்கு இதோடு தூரமும் சேர்ந்த தொல்லை. பங்சாரில், தானே போட்டி வைத்துத் தேர்ந்த வடிவமைப்பில் மையம் கட்டியிருக்கிறது. கூச்சிங்கிலோ கோத்தா கினபாலுவிலோ இருப்பவருக்கு அது விமானப் பயணம். சபா, சரவாக் கிளைகள் உயிரோடு இருந்தால்தான் அவருக்குச் சங்கம் உண்டு.

அண்மைய ஆண்டுகளில் 1970களின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தபோது சோதனை வந்தது. அவுட்ரம் அருகே நின்ற 38 மாடிப் பேர்ல் பேங்க் அடுக்குமாடி 2018இல் மொத்தமாக விற்கப்பட்டு, அடுத்து இடிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர்களும் மரபுடைமை ஆர்வலர்களும் எழுப்பிய குரல் அதைக் காப்பாற்றவில்லை. பிறகு பீச் ரோட்டிலுள்ள கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸின் முறை வந்தது. வில்லியம் லிம், தே கெங் சூன் ஆகியோரின் நிறுவனம் வரைந்து 1973இல் முடித்த கட்டடம் அது. தாய்லாந்து உணவுக்கடைகளுக்கும் எல்லை தாண்டும் பேருந்துகளுக்கும் பெயர்பெற்றிருந்த இடம். 2021 அக்டோபரில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. வில்லியம் லிம் அதைப் பார்த்துவிட்டுத்தான் 2023 ஜனவரியில் காலமானார்.