தீப்பொறிச் செருகி (விளையாட்டு வகை மோட்டார் சைக்கிள்)

தீப்பொறிச் செருகி என்பது பெட்ரோல் இயந்திரத்தின் எரியறையில் அழுத்தப்பட்ட எரிபொருள், காற்றுக் கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் உறுப்பு. பட்டறையிலும் உதிரிபாகக் கடையிலும் பிளக் என்றே வழங்கும். மைய மின்முனை, அதைச் சூழ்ந்த பீங்கான் காப்பு, மரையுள்ள எஃகு உடல், அதன் அடியில் வளைந்து நிற்கும் பக்க மின்முனை ஆகியவை இதன் பகுதிகள். இரு மின்முனைகளுக்கும் இடைப்பட்ட இடைவெளியை மெக்கானிக்குகள் கேப் என்பர். மோட்டார் சைக்கிள்களில் இது பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

நான்கு வீச்சு இயந்திரம் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் 5,000 முறை பொறி விழ வேண்டும். இரு வீச்சு இயந்திரத்தில் 10,000 முறை. சாதாரண மோட்டார் சைக்கிள் எப்போதாவது தொடும் வேகத்தில் விளையாட்டு வகை வண்டி நெடுநேரம் ஓடுகிறது. அதனால் பிளக்கைத் தேர்வதில் இவ்வகை வண்டிக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

வரலாறு

1860இல் எதியேன் லெனுவார் தம் வாயு இயந்திரத்தில் மின்பொறியால் பற்றவைக்கும் முறையைப் பயன்படுத்தினார். 1885இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த, முதல் மோட்டார் சைக்கிள் எனக் கருதப்படும் மரச்சட்ட வண்டியில் பிளக் இல்லை. விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சிய குழாயே கலவையைப் பற்றவைத்தது. குழாய் முறையில் பற்றவைக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த இயலாது என்பதால் இயந்திரத்தின் வேகமும் ஓர் எல்லைக்குள் அடங்கியே இருந்தது.

ராபர்ட் போஷின் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹோனால்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் (காந்தத்தால் மின்சாரம் ஆக்கும் கருவி) அதனுடன் இயங்கும் பிளக்கையும் உருவாக்கினார். இதற்கு 1902 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பிளக்கின் வடிவம் இதிலிருந்து வந்ததே.

தொடக்க காலப் பிளக் தொழிலில் பந்தயக்காரர்களின் பங்கு பெரிது. சாம்பியன் பிளக்கின் பெயர் 1899ஆம் ஆண்டு பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் வென்ற ஆல்பர்ட் சாம்பியனுடையது. கூட்டாளிகளுடன் தொடங்கிய நிறுவனத்தை விட்டு விலகியபின், தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட ஏ.சி. பிளக்குகளை அவர் தயாரித்தார். பிரிட்டனில் கே.எல்.ஜி. பிளக்குகளை உருவாக்கிய கெனல்ம் லீ கின்னஸ் 1922இல் தரைவழி வேகச் சாதனை படைத்தவர். அவருடைய பிளக்குகளில் பீங்கானுக்குப் பதிலாக மைக்கா அடுக்குகள் காப்பாக அமைந்தன. அலுமினியம் ஆக்சைடைச் சுட்டுத் திரட்டிய காப்பு 1930களில் வந்தபின் மைக்கா மறைந்தது. ஜப்பானின் நகோயாவில் என்.ஜி.கே. ஸ்பார்க் பிளக் நிறுவனம் 1936இல் தொடங்கப்பட்டது.

வெப்ப எண்

பிளக்கைத் தேர்வதில் தலையாயது, அது வெப்பத்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண். எரியறை வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசைக் கடந்தாலும் பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 450க்குக் கீழே இறங்கினால் நுனியில் படியும் கரி எரிந்து நீங்காமல் தங்கி, மின்சாரம் கேப்பைத் தாண்டாமல் கரி வழியே கசிகிறது. வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். 850ஐத் தாண்டினால் நுனியே கொள்ளியாகி, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைக்கிறது. இந்த முன்பற்றல் நீடித்தால் பிஸ்டனின் தலை உருகும்.

நுனியின் வெப்பத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பீங்கான் மூக்கின், அதாவது மைய மின்முனையைச் சூழ்ந்த காப்பின் கீழ்ப்பகுதியின், நீளமே. மூக்கு நீண்டால் வெப்பம் சிலிண்டர் தலைக்குப் போய்ச் சேரும் வழியும் நீள்கிறது. நுனி சூடாகவே இருக்கும். இது சூட்டுப் பிளக். மூக்கு குட்டையானால் வெப்பம் விரைவில் வெளியேறும். இது குளிர்ப் பிளக். வேகமும் அமுக்க விகிதமும் மிகுந்த இயந்திரத்துக்குக் குளிர்ப் பிளக், மெதுவாக இயங்கும் இயந்திரத்துக்குச் சூட்டுப் பிளக் என்பது பொது விதி. வெப்ப எண் ஒரு படி மாறினால் நுனியின் வெப்பம் சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். குளிர்ப் பிளக் பொறியைக் குளிர்விப்பதில்லை. அதன் வலிமையைக் கூட்டுவதுமில்லை.

எண்ணிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் முரண்படுகிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோ நிறுவனத்திலும் எண் பெரிதானால் குளிர். போஷின் இன்றைய முறையிலும் சாம்பியனிலும் எண் பெரிதானால் சூடு. போஷின் பழைய முறையிலோ 175, 225, 240 எனப் பெரிய எண்கள் குளிரைக் குறித்தன. தோராய ஒப்பீட்டில் என்.ஜி.கே.யின் 6, 7, 8 ஆகியவை போஷின் 7, 5, 4 ஆகியவற்றுக்கும் டென்சோவின் 20, 22, 24 ஆகியவற்றுக்கும் நிகர். என்.ஜி.கே. 8க்கு மாற்றாகப் போஷ் 8ஐக் கேட்டு வாங்குபவர் மூன்று படி சூடான பிளக்கைப் பெறுகிறார்.

குறியீடும் அளவும்

பிளக்கின் உடலில் பொறித்த எழுத்துகளில் அதன் முக்கிய அளவுகள் அடங்கும். என்.ஜி.கே.யின் பி.பி.ஆர்.7எச்.எஸ். என்ற குறியீட்டில் முதல் பி 14 மில்லிமீட்டர் மரை, அடுத்த பி வெளியே நீண்ட நுனி, ஆர் உள்ளமைந்த மின்தடை, 7 வெப்ப எண், எச் 12.7 மில்லிமீட்டர் மரை நீளம். எஸ் செம்பு உள்ளீடு கொண்ட வழக்கமான மைய மின்முனை. சி.ஆர்.8ஈ. என்பதில் சி 10 மில்லிமீட்டர் மரையையும் ஈ 19 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கும். இறுதியில் 9 என்றிருந்தால் கேப் 0.9 மில்லிமீட்டர்.

மரை நீளம் மிகுந்த பிளக்கைப் பிஸ்டன் தட்டும். குறைந்தால் சிலிண்டர் தலையின் மரையில் கரி அடையும். ஆர் என்ற எழுத்தையும் கவனிக்க வேண்டும். மின்தடை இல்லாத பிளக் எழுப்பும் மின்காந்த இரைச்சல், எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுள்ள வண்டியைத் தடுமாறச் செய்யும்.

மின்முனை உலோகம்

செம்புப் பிளக் எனக் கடைகளில் வழங்குவதன் மின்முனை உண்மையில் நிக்கல் கலவை. செம்பு அதன் உள்ளீடு மட்டுமே. பிளாட்டினம் 1,768 டிகிரியிலும் இரிடியம் 2,400 டிகிரிக்கு மேலும் உருகுவதால் அவற்றால் மெல்லிய முனை செய்ய இயலும். நிக்கல் முனை சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. இரிடியம் முனை 0.4 முதல் 0.6 வரை. முனை மெலிந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். இவ்வுலோகங்களின் முனை மெதுவாகவே தேயும். மாற்றம் செய்யாத இயந்திரத்தில் இரிடியம் தருவது நீண்ட ஆயுளும் எளிதான ஸ்டார்ட்டிங்கும் மட்டுமே, குதிரைத்திறன் கூடுவதில்லை.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் போஷ் தொழில்நுட்பத்தில் பிளக்குகளைத் தயாரித்தது. 2008இல் அது போஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியபோதும் மூத்த மெக்கானிக்குகளுக்கு அது மைக்கோ பிளக்தான். மோடி சாம்பியன் நிறுவனம் அதன் போட்டியாளராக இருந்தது.

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தபின் அங்கு இடம்பெயர்ந்தன. கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் மற்றொரு தடம் உள்ளது. இத்தகைய தடங்களில் பந்தயக்காரர்கள் முழு வேகத்தில் இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பர்: வெளிர் பழுப்பு சரியான எரிதலையும், உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையோ அளவுக்கு மீறிய குளிர்ப் பிளக்கையோ, வெளுத்துக் கொப்பளித்த பீங்கான் மிகைச் சூட்டையும் காட்டும்.

1983இல் வந்த ராஜ்தூத் 350, ஓசூரில் தயாரான இந்த்–சுசுகி, 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 ஆகிய இரு வீச்சு வண்டிகள் இங்கு வேகப் பிரியர்களை உருவாக்கின. பெட்ரோலுடன் ஆயிலும் எரிந்ததால் இவற்றில் பிளக் அடிக்கடி அடைத்தது. மாற்றுப் பிளக்கும் பிளக் ஸ்பானரும் டூல் பாக்சில் நிரந்தரமாக இருந்தன. 2003இல் பஜாஜ் பல்சர் டி.டி.எஸ்.–ஐ. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளுடனும், 2012இல் பல்சர் 200 என்.எஸ். மூன்று பிளக்குகளுடனும் வந்தன. இத்தகைய வண்டிகளில் எல்லாப் பிளக்குகளையும் ஒருசேர மாற்ற வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் பந்தயத் தடம் இல்லை. விளையாட்டு வகை வண்டிகள் அன்றாடப் பயணத்துக்கே பயன்படுகின்றன. வெயில் மிகுந்த மாவட்டம் என்பதால் குளிர்ப் பிளக் வேண்டும் என எண்ணுவோர் உண்டு. இது சரியன்று. வெளிக்காற்று 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறுவது, நுனிக்குரிய 400 டிகிரி வெப்ப எல்லையில் சிறு பகுதியே. தயாரிப்பாளரும் இந்திய வெயிலைக் கணக்கிட்டே எண்ணைக் குறித்துள்ளார். கீரனூர் வழியாகத் திருச்சிக்கோ திருமயம் வழியாகக் காரைக்குடிக்கோ சீராக ஓடும் வண்டிக்குக் கையேட்டின் எண்ணே போதும். நகரின் ராஜ வீதிகளில் குறைந்த வேகத்தில், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குளிர்ப் பிளக் விரைவில் கரி பிடிக்கும். அமுக்க விகிதத்தைக் கூட்டியோ, தடத்தில் முழு வேகத்தில் நெடுநேரம் ஓட்டியோ பயன்படுத்தும் இயந்திரத்துக்கு மட்டும் ஒரு படி குளிர் பொருந்தும்.

பொருத்துதல்

சூடான இயந்திரத்தில் பிளக்கைக் கழற்றினால் அலுமினியத் தலையின் மரை கெடக்கூடும். ஆறியபின்பே கழற்ற வேண்டும். புதிய பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் ஸ்பானரால் அரைச் சுற்று மட்டும் முடுக்குவது பொது அளவு. இரிடியம் முனையைக் கம்பித் தூரிகையாலோ எமரித் தாளாலோ தேய்க்கக் கூடாது.

இன்றைய நிலை

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய விளையாட்டு வகை வண்டிகளில் எரிபொருள் உட்செலுத்து முறையே வழக்கம். கலவை சீரானதால் பிளக் அடைப்பது அரிதாகிவிட்டது. போலிப் பிளக்குகளும் விற்கப்படுவதால் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்குவது பாதுகாப்பு. கையேட்டிலுள்ள குறியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒத்த நிக்கல் பிளக், பொருந்தாத எண்ணுடைய இரிடியம் பிளக்கைவிட எந்த வண்டிக்கும் மேலானது.