எக்ஸ்எம்எல் பெயர்விதிகளில் தமிழ் எழுத்துகள்: விருதுநகர் வட்டாரச் சொற்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நிரலிலுள்ள ஒரு தரவுப்பொருளை எக்ஸ்எம்எல் ஆவணமாக எழுதுவது தொடராக்கம் எனப்படும். இதில் வகுப்பின் பெயரும் பண்புகளின் பெயர்களும் ஆவணத்தின் குறிச்சொற்களாகின்றன. அப்பெயர்களைத் தமிழில் இடும்போது, நாள்தோறும் வழங்கும் சொற்களும் சில வேளைகளில் பிழையாகக் கொள்ளப்படுகின்றன. இப்பிழைகள் தமிழ் எழுத்துகள் கணினித் தரங்களில் இடம்பெற்ற வரலாற்றால் விளைந்தவை என்பதை விருதுநகர் மாவட்டத்தில் வழங்கும் மூன்று சொற்களைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஃபேன்சி: ஆய்தமும் விசர்க்கமும்

சிவகாசிப் பட்டாசு வகைகளுள் சரவெடி, புஸ்வாணம், சங்குசக்கரம் என்பன குறிச்சொற்களாக ஏற்கப்படும்; 'ஃபேன்சி' ஏற்கப்படாது. தொல்காப்பியம் ஆய்தத்தைச் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகக் கொள்கிறது. யூனிக்கோடோ, இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீட்டின் பொது அடுக்கைப் பின்பற்றி, அதனை விசர்க்கத்தின் இடத்தில் வைத்து, 'தமிழ் விசர்க்கக் குறி' என்றே பெயரிட்டது. 1998 பிப்ரவரி 10 அன்று வெளியான எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரை, யூனிக்கோடு 2.0ஐ அடியொற்றி, ஆய்தத்தை இணைகுறிகளின் பட்டியலில் சேர்த்தது. இணைகுறி பெயரின் முதலில் வரலாகாது என்பது விதி.

மரபிலக்கணப்படியும் ஆய்தம் மொழிக்கு முதலாகாது. எனினும் இரு தடைகளின் காரணங்களும் வேறு. முன்னது தமிழ் ஒலியமைப்பின் வரையறை. பின்னது வடமொழி எழுத்தடுக்கைத் தமிழின்மேல் ஏற்றியதன் விளைவு. பிற்காலத்தில் யூனிக்கோடு ஆய்தத்தைத் தனி எழுத்தாகத் திருத்தியபோதும் எக்ஸ்எம்எல் பட்டியல் மாறவில்லை. பழைய விதியைப் பின்பற்றும் டாட்நெட் சூழலின் பெயர்க் குறியாக்கம், ஏற்கப்படாத எழுத்தை அடிக்கோடுகளுக்கிடையே அதன் குறியெண்ணாக எழுதிவிடும். சொல் படிக்க இயலாததாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: ஓர் உரு, இரு குறியீடு

யூனிக்கோடு 4.1 பதிப்பு 2005இல் 'ஶ' எழுத்தையும் தமிழ்ச் சுழியம் '௦'ஐயும் சேர்த்தது. அதன்பின் 'ஸ்ரீ' என்னும் உருவை ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் எழுதும் நிலை தோன்றியது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 1998ஆம் ஆண்டுப் பட்டியலில் ஶகரம் இல்லாமையால் ஓர் ஊர்ப்பெயர் ஏற்கப்பட, அதே உருவுடைய மற்றொன்று மறுக்கப்படுகிறது. யூனிக்கோட்டின் இயல்பாக்கமும் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை.

பொட்டுவெடி: ஓசையற்ற இழப்பு

ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிக்கோடு இவற்றை நிகரானவை என்கிறது. எக்ஸ்எம்எல் பெயர்களைக் குறியீடு குறியீடாகவே ஒப்பிடுகிறது. எனவே ஒருவகையில் எழுதிய 'பொட்டுவெடி'யை மறுவகையில் எதிர்பார்க்கும் நிரல் அடையாளம் காணாது. டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் தொடராக்கி, அறியாத கூறுகளை இயல்பாகவே புறக்கணிக்கும். பிழைச்செய்தி எழாமலே மதிப்பு மறைந்துவிடும். மறுக்கப்படும் பெயரைக் காட்டிலும் இதுவே ஆவணக் காப்புக்குப் பெருங்கேடு.

தீர்வுகள்

2008 நவம்பர் 26 அன்று வெளியான எக்ஸ்எம்எல் 1.0 ஐந்தாம் பதிப்பு, எழுத்துப் பட்டியல்களை நீக்கிப் பரந்த குறியீட்டு எல்லைகளை வகுத்தது. அதன்படி மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் ஏற்புடையன. பழைய விதியில் இயங்கும் மென்பொருளில் பிழை நேருமாயின், முதலில் பெயரின் குறியீடுகளை எண்ணாகப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் உருவை நம்பலாகாது. அடுத்து, எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே இயல்பாக்க வடிவைக் கொள்ளல் வேண்டும். 'ஸ்ரீ'க்கு இரண்டில் ஒரு வடிவைத் தெரிந்து, மற்றதை அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறுதியாக, தடைக்குரிய சொல்லைக் குறிச்சொல்லாக்காமல் உள்ளடக்கமாக வைக்கலாம். அங்கு இவ்வெழுத்துகளுக்குத் தடை இல்லை.

முடிவுரை

யூனிக்கோட்டில் ஆய்தத்தின் வகை திருந்திய பின்னரும், அதன் பழைய நிலை வேறொரு தரத்தில் 2008 வரை நீடித்தது. ஒரு தரத்தில் நேர்ந்த வகைப்பாட்டுப் பிழை அதனைச் சார்ந்த தரங்களிலும் தங்கிவிடுகிறது என்பதையே இது காட்டுகிறது. எனவே எழுத்துகளின் இலக்கணத் தன்மையைத் தரங்கள் உருவாகும்போதே தமிழறிஞர் எடுத்துரைத்தல் இன்றியமையாதது.