துப்பாக்கிகளால் ஒரு கதிரை

நாம் தினமும் பாவிக்கும் 'கதிரை' என்ற சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. அவர்கள் ஆண்ட இன்னொரு நாடு, கிழக்கு ஆபிரிக்காவின் மொசாம்பிக். அங்கே ஒருவர் செய்த கதிரையின் வரலாறு, யுத்தத்தைக் கண்ட நாம் அறிந்திருக்க வேண்டியது. அது முழுக்க முழுக்கத் துப்பாக்கிப் பாகங்களால் ஆனது.

1975 இல் மொசாம்பிக்குக்குச் சுதந்திரம் கிடைத்தது. 1977 இல் உள்நாட்டு யுத்தம் தொடங்கிவிட்டது. ஃப்ரெலிமோ அரசாங்கத்துக்கு சோவியத் அணி ஆயுதம் கொடுத்தது. ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கு முதலில் ரொடீசியாவும், பின்னர் தென்னாபிரிக்க நிறவெறி அரசும் கொடுத்தன. 1992 இல் ரோமில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்தது, துப்பாக்கிகள் போகவில்லை. வீடுகளிலும் மண்ணுக்கடியிலும் கிடந்தன. 1995 இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகளின் மன்றம், ஆயர் டினிஸ் செங்குலானேயின் முயற்சியில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. ஆயுதத்தைக் கொண்டுவந்து கொடுங்கள், மண்வெட்டியோ சைக்கிளோ தையல் மெஷினோ கூரைத் தகரமோ வாங்கிச் செல்லுங்கள் என்றார்கள். வெறுங்கையோடு யாரையும் அனுப்பவில்லை. துப்பாக்கியை நம்பிப் பிழைத்தவனுக்குப் பிழைக்க வேறு வழி வேண்டும் அல்லவா?

சேர்ந்த ஆயுதங்களைத் துண்டாக்கி, தலைநகர் மாபுட்டோவின் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கெஸ்டர் என்றழைக்கப்படும் கிறிஸ்டோவாவோ கன்யவாட்டோ. அவருடைய உறவினர் இருவர் யுத்தத்தில் கால்களை இழந்தவர்கள். 2001 இல் அவர் இந்தக் கதிரையைச் செய்தார். சாய்மானத்தில் இரண்டு பழைய ஜி-3 துப்பாக்கிகளின் பிடிகள். அவற்றின் ஆணித் துளைகளும் வார் மாட்டும் பிளவும் கண்ணும் வாயுமாகச் சிரிக்கும் முகம்போலத் தெரியும். அதை அவர் செதுக்கவில்லை, அப்படியே இருந்தது. இன்று கதிரை லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றுகூட ஆபிரிக்காவில் செய்யப்பட்டதல்ல. செய்தவர்கள் வெளியே, செத்தவர்கள் உள்ளே. கெஸ்டர் அவற்றை உருக்கி மறைக்கவில்லை. எந்தத் துண்டு எந்தத் துப்பாக்கியினது என்று இன்றும் அடையாளம் காணலாம். நடந்ததை மறைக்காமலும் சமாதானம் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

ஆனாலும் கதை சுபமாக முடியவில்லை. 2017 முதல் வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தில் மீண்டும் வெடிச்சத்தம். ஒரு தலைமுறை கைவிட்ட ஆயுதத்தை அடுத்த தலைமுறை எடுத்துவிடலாம்.

மொசாம்பிக்கின் தேசியக் கொடியில் மூன்று பொருட்கள் சேர்ந்திருக்கின்றன: துப்பாக்கி, மண்வெட்டி, திறந்த புத்தகம். நம் பிள்ளைகளிடம் அந்தக் கொடியைக் காட்டுவோம். மூன்றில் எதை எடுத்தால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.